பந்தைப் பார்க்காதீர்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமையில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட வரமாட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிகூட, அதே இதழில் ஒரு பக்கம் மெனக்கெட்டு எழுதிய முழங்கால் வலிக் குறிப்புகளுக்கு வரவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் அங்கே கல்லூரி ஃபுட்பால் ஆட்ட நாட்கள். சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் மாடிசன் நகரில் எம்.எஸ். படிக்கிறான். தொலைபேசியில் பேசினால் பாதி நேரம் 'ரன்னிங் பேக், ரன்னிங் பேக்' என்கிறான். அது என்ன ஐயா? படிக்கிறானா இல்லையா?
– வாசகி, திருச்சி

படிக்கிறான், சகோதரி. மாடிசனில் இருந்துகொண்டு அதைப் பற்றிப் பேசாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அணிக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம்; நம் துணிக்கடைக் கெஜமேதான், மூன்றடி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். அவன் கையிலிருந்து பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவன் ரன்னிங் பேக். இவர்களுக்கு முன்னால் வரிசையாக நின்று எதிரணியைத் தடுத்து வழி உண்டாக்குகிறவர்கள் முன்வரிசை. உதைக்கும் வேலை மிகக் குறைவு என்பதால் இதைக் கால்பந்து என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

உங்கள் அக்கா மகன் படிக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ரன்னிங் பேக்குகளுக்குப் பேர்போனது. ரான் டேன் 1999இல் ஹைஸ்மன் விருது வாங்கினார். கல்லூரி ஆட்டக்காரருக்கு அதற்கு மேல் விருது இல்லை. 2014இல் மெல்வின் கார்டன் ஒரே ஆட்டத்தில் 408 கெஜம் ஓடினார். அதுவும் முக்கால்வாசி ஆட்டத்திலேயே. கடைசிக் கால்பகுதியில் அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அன்று அடிவாங்கியது எங்கள் நெப்ராஸ்கா. மேலே எழுத மனம் வரவில்லை.

நல்ல ஓட்டக்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டால் தாக்குதல் அணி பாதி தயார் என்றுதானே பொருள்? பயிற்சியாளர்கள் ஏன் எப்போதும் முன்வரிசை, முன்வரிசை என்றே பேசுகிறார்கள்?
– வாசகர், அம்பத்தூர்

நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1995 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் மேற்படிப்புக்காக வந்து இறங்கினேன். கையில் காசு இல்லை. ஆட்ட நாட்களில் பல்கலைக்கழக மைதானத்தின் தின்பண்டக் கடைக்கு மாணவர்களை எடுத்தார்கள். அங்கே ரன்ஸா என்று ஒரு பண்டம் உண்டு: முட்டைக்கோஸும் அரைத்த மாட்டிறைச்சியும் அடைத்துச் சுட்ட நீள ரொட்டி. மரக்கறி தவிர வேறு எதுவும் சமைக்காத வீட்டுப் பிள்ளை நான், அதைக் காகிதத்தில் சுற்றி நூற்றுக்கணக்கில் கொடுத்தேன். ஊருக்கு எழுதிய கடிதத்தில் 'ரொட்டிக் கடையில் பகுதி நேர வேலை' என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லையே.

செப்டம்பர் 16. அந்த ஆண்டு உள்ளூரில் முதல் ஆட்டம், எதிரணி அரிசோனா ஸ்டேட். 70 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். எங்கள் கடைக்கு எதிரே பார்வையாளர் வரிசைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதன் வழியே கொஞ்சம் பச்சையும் அதற்கு மேல் கொஞ்சம் வானமும் தெரியும். நெப்ராஸ்கா முதல் புள்ளி எடுத்ததும் ரசிகர்கள் சிவப்புப் பலூன்களைப் பறக்கவிடுவது அந்நாளில் வழக்கம். எனக்கு அது தெரியாது. முதல் தட்டு ரன்ஸாவை அடுக்கி முடிப்பதற்குள் சந்தில் தெரிந்த வானம் சிவந்துவிட்டது. ஏதோ தீ விபத்து என்று நினைத்து ஒரு கணம் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நெப்ராஸ்காவின் முதல் முயற்சியிலேயே கிளின்டன் சைல்ட்ஸ் என்பவர் 65 கெஜம் ஓடி டச்டவுன் போட்டிருந்தார், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டியிருந்தார். இடைவேளைக்குள் 63 புள்ளிகள். முடிவில் 77-28. எல்லா ஆட்டமும் இப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் ஒரு விஷயம் காதில் விழுந்தது. அணியின் முதன்மை ரன்னிங் பேக் அன்று ஆடவே இல்லை. லாரன்ஸ் ஃபிலிப்ஸ் என்பவர், இடைநீக்கத்தில் இருந்தார். சைல்ட்ஸ் மாற்று ஆள். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் மாறி மாறி இறங்கினார்கள், ஒமாஹாவிலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவர் ஆமன் கிரீன் உட்பட. யார் இறங்கினாலும் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

இதை என் வீட்டு உரிமையாளரிடம் சொன்னேன். அவர் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் வாடகைக்கு இருந்தேன். ஓய்வுபெற்ற உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர், அறுபத்தைந்து தாண்டியவர். "நீ பந்தைப் பார்க்கிறாய், அதனால்தான் ஆச்சரியப்படுகிறாய்" என்றார். சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கூடத்துக் கம்பளத்தில் குனிந்து, ஒரு கையை ஊன்றி, முன்வரிசை ஆட்டக்காரரைப் போல நின்றார். "நான் இடப்பக்க கார்டு. முன்னால் பாய்வேனா, பக்கவாட்டில் ஓடுவேனா, சொல்" என்றார். கார்டு என்றால் முன்வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவன். இரண்டு முறையும் தவறாகச் சொன்னேன். "கையைப் பார்" என்றார். முன்னால் பாய நினைக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் கையில் இறங்கும். விரல் மூட்டுகள் வெளுத்து, கம்பளத்தில் குழி விழும். பக்கவாட்டில் ஓட நினைத்தால் விரல்கள் கம்பளத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். நல்ல கார்டு எப்போதும் ஒரே மாதிரி ஊன்றுவான். எதிரணியால் படிக்க முடியாது. அவரே எழுந்திருக்க முடியாமல் சோபாவைப் பிடித்துக்கொண்டதும், சமையலறையிலிருந்து அவர் மனைவி முழங்காலை நினைவுபடுத்தியதும் தனிக் கதை.

ஞாயிறு மாலைகளில் வீடியோ நாடாவை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். 'கவுண்ட்டர்' என்று ஓர் ஆட்டம். ஓடுபவன் முதல் அடியை இடப்பக்கம் வைப்பான். எதிரணி இடப்பக்கம் சாயும். அதே நொடியில் இடப்பக்க கார்டு தன் இடத்தை விட்டுக் கிளம்பி, தன் ஆட்களின் முதுகுக்குப் பின்னாலேயே வலப்பக்கம் ஓடி, அங்கே ஓரத்தில் நிற்பவனை மோதித் தள்ளுவான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வருவான். அதற்குப் பின்னால்தான் ஓடுபவன் திரும்புவான். 130 கிலோ மனிதன் ஒருவன் அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தேரில் எல்லோரும் சாமியைத்தான் பார்ப்போம். தேர் வீதி திரும்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கும். எனக்கு அன்று அவர்தான் நினைவுக்கு வந்தார்.

இனி உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில். முன்வரிசைக்காரன் பதினெட்டு வயதில் வந்தால் ஆட்டத்துக்குத் தயாராக இரண்டு, மூன்று ஆண்டு ஆகும். உடம்பு ஏற வேண்டும். பக்கத்தில் நிற்பவனின் மூச்சு பழக வேண்டும். ரன்னிங் பேக் அப்படியில்லை. ஹெர்ஷல் வாக்கர் 1980இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே 1,616 கெஜம் ஓடினார், அணி தேசியப் பட்டம் வென்றது. விஸ்கான்சினின் ஜானதன் டெய்லர் 2017இல் முதலாண்டில் 1,977. ஆகவே பயிர் வைக்கிறவன் தென்னையை முதலில் வைக்கிறான், கீரையைப் பிறகு விதைக்கிறான். சாதாரணமாக ஆண்டுக்கு நான்கைந்து முன்வரிசைக்காரர்கள், ஒன்றிரண்டு ரன்னிங் பேக்குகள் என்று எடுப்பார்கள். ஓர் ஆண்டு முன்வரிசைக்கு ஆள் எடுக்கத் தவறினால் அந்த ஓட்டை மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். அதற்குள் பயிற்சியாளரின் வேலையே போயிருக்கும்.

நெப்ராஸ்காவில் டாம் ஆஸ்போர்ன் 25 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். முன்வரிசைக்கு மில்ட் டெனொபிர். உடற்பயிற்சிக் கூடத்துக்கு பாய்ட் எப்ளி, 1969லிருந்து. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் வந்து சேர்ந்து, பயிற்சியில் அடி வாங்கி வாங்கி, மூன்றாம் ஆண்டில் இடம் பிடித்தார்கள். 1995இல் அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 400 கெஜம் ஓடியது. பருவத்தின் இறுதியில் ஃபியஸ்டா கிண்ணத்தில் ஃப்ளோரிடாவை 62-24 என்று வென்றபோது 524 கெஜம். அன்று நீண்ட ஓட்டம் ஓடியவர் ரன்னிங் பேக்கே அல்ல. குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியர், 75 கெஜம், தொங்கியவர்களை எல்லாம் உதறிக்கொண்டு.

அதற்காக ஓட்டக்காரன் யாராயிருந்தாலும் ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். எந்த ஆட்டத்துக்கு எந்த ஆள் என்பதில்தான் சூட்சுமம். முன்வரிசை மொத்தமும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தடுக்கும் முறையில், ஓடுபவன் பொறுமையாகக் கூடவே நகர்ந்து, இடுக்கு தெரிந்ததும் ஒரே வெட்டில் உள்ளே புக வேண்டும். அவசரக்காரனுக்கு அது ஒத்துவராது. கவுண்ட்டர் வகைக்குக் கார்டின் முதுகை நம்பி நேரே இடிக்கிறவன் வேண்டும். மைதானம் முழுக்க ஆட்களைப் பரப்பி எறிகிற அணிக்கு, பந்தைப் பிடிக்கவும் தெரிந்தவன் வேண்டும். பள்ளியில் நட்சத்திரமாக இருந்த பலர் கல்லூரியில் முதலாண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் ஓட்டம் அல்ல. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறவனை மறிக்கத் தெரியாது. பள்ளியில் அந்த வேலையை யாரும் அவர்களிடம் கொடுத்ததில்லை.

லாரன்ஸ் ஃபிலிப்ஸ் பற்றி இணையத்தில் படித்தேன். திறமை இருந்தால் எதையும் மன்னித்துவிடுவார்களா?
– வாசகர், சிங்கப்பூர்

1995 செப்டம்பரில் முன்னாள் தோழியைத் தாக்கியதற்காக அவர் கைது செய்யப்பட்டார். அடிபட்ட பெண்ணும் அதே பல்கலைக்கழக மாணவி. ஆஸ்போர்ன் இடைநீக்கம் செய்தார். ஆறு ஆட்டங்களுக்குப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார். பெற்றோர் துணையின்றிக் காப்பகத்தில் வளர்ந்தவர், ஃபுட்பாலையும் பிடுங்கிவிட்டால் அவருக்குப் பிடிமானம் இருக்காது என்பது ஆஸ்போர்னின் வாதம். அந்த மனிதர் மனதார நம்பித்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது தவறு. அந்தப் பெண்ணின் பிடிமானத்தைப் பற்றி அன்று லிங்கனில் யாரும் அவ்வளவு நேரம் பேசியதாக எனக்கு நினைவில்லை. அதே வளாகத்தில் அவர் தொடர்ந்து படிக்க வேண்டியிருந்தது. நானும் பேசவில்லை, ரன்ஸா விற்றுக்கொண்டிருந்தேன்.

ஃபிலிப்ஸ் 1996இல் தொழில்முறை அணிக்கு ஆறாவதாகத் தேர்வானார். அங்கே நிலைக்கவில்லை. 2016இல் கலிஃபோர்னியாவில் சிறையில் இறந்தார்.

ஒரே வரியில் பதில் வேண்டும். கல்லூரி ரன்னிங் பேக்குகளில் யார் முதல்வர்?
– வாசகர், கோவை

பாரி சாண்டர்ஸ், ஓக்லஹோமா ஸ்டேட், 1988.

இன்னொரு வரிக்கும் அனுமதி கொடுங்கள். 11 ஆட்டங்களில் 2,628 கெஜம். பருவ இறுதிக் கிண்ண ஆட்டத்தை அந்நாளில் கணக்கில் சேர்ப்பதில்லை; அதில் அவர் ஓடிய 222 கெஜம் காற்றோடு போயிற்று. 2024இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டி 14 ஆட்டங்களில் 2,601 வரை வந்து நின்றார். சாண்டர்ஸின் சாதனைக்கு 27 கெஜம் குறைவு. அன்று சாண்டர்ஸ் ரசிகர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்லூரி மாணவர்களுக்கே இப்போது பணம் கொடுக்கிறார்களாமே? அப்படியென்றால் காசுள்ள கல்லூரிதானே எல்லா நல்ல ஆட்டக்காரரையும் எடுத்துக்கொள்ளும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

கொடுக்கிறார்கள், அம்மா. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. இதைவிடப் பெரிய மாற்றம் இடமாற்றம். முன்பு கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். 2021இல் அந்தத் தடை தளர்ந்தது. மூன்றாண்டுக் கணக்குப் போட்டுப் பயிர் வைத்த பயிற்சியாளர்கள் இப்போது ஜனவரியில் சந்தைக்குப் போய் விளைந்ததை வாங்கிவருகிறார்கள்.

காசு எல்லாவற்றையும் செய்துவிடுமா? 2024இல் ஒஹாயோ ஸ்டேட்டைப் பாருங்கள். ட்ரவேயன் ஹெண்டர்சன் ஏற்கெனவே அங்கே இருந்தார். மிசிசிப்பியிலிருந்து குவின்ஷான் ஜட்கின்ஸ் வந்து சேர்ந்தார். நாட்டில் எந்த அணியிலும் இப்படி ஓர் இணை இல்லை என்றார்கள். அக்டோபரில் முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் காயப்பட்டு வெளியேறினார். நவம்பர் 30ஆம் தேதி சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றார்கள். அந்த இரண்டு சிங்கங்களும் சேர்ந்தும் அணி 100 கெஜம்கூட ஓடவில்லை. இடது கார்டு டானவன் ஜாக்சன் அதற்கு முன்பே டேக்கிள் இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். அந்தப் புது வரிசை பழகப் பழக அணி எழுந்தது. ஜனவரி 20ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் நோத்ர டாமை 34-23 என்று வென்றார்கள். ஜட்கின்ஸ் மூன்று டச்டவுன். விளம்பரப் பலகையில் அவர் படம் இருக்கும். ஜாக்சன் படத்தை எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள்?

நான் டெக்சாஸில் ஃபிரிஸ்கோ நகரில் இருக்கிறேன். என் மகனுக்கு 16 வயது, உயரம் 5 அடி 8 அங்குலம். பள்ளி அணியில் ரன்னிங் பேக். இதுவரை எந்தக் கல்லூரியும் கேட்கவில்லை. பயிற்சியாளர் தற்காப்புப் பக்கம் மாறச் சொல்கிறார். பணம் கட்டிக் கோடை முகாம்களுக்கு அனுப்பலாமா? என் மனைவி 'போதும், நிறுத்துங்கள்' என்கிறாள்.
– வாசகர், ஃபிரிஸ்கோ

தம்பி, நீங்கள் இருக்கும் ஊரிலேயே பள்ளி ஆட்டம் ஆடியவர்தான் மேலே சொன்ன ஜென்ட்டி. கடற்படைக்காரர் மகன், இத்தாலியில் நேப்பிள்ஸில் இருந்து உங்கள் ஊருக்கு வந்தவர். பெரிய பெயருள்ள கல்லூரிகளை விட்டு பாய்சிக்குப் போனார். பெயர் வந்த பிறகும், பணம் காட்டியவர்கள் இருந்தும், அங்கேயே இருந்தார்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பாரி சாண்டர்ஸும் 5 அடி 8 அங்குலம்தான். அவரைக் கேட்டு வந்த கல்லூரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சேர்ந்த பிறகும் தர்மன் தாமஸ் என்ற மூத்தவருக்குப் பின்னால் இரண்டு ஆண்டு காத்திருந்தார். தற்காப்புக்கு மாறச் சொல்வதும் புதிதல்ல. நியூ ஆர்லியன்ஸ் பையன் மார்ஷல் ஃபாக்கைப் பெரிய கல்லூரிகள் தற்காப்புக்குத்தான் கேட்டன. ரன்னிங் பேக்காகவே ஆடலாம் என்று சொன்ன சான் டியேகோ ஸ்டேட்டுக்குப் போனார். 1991இல் தன் இரண்டாவது ஆட்டத்திலேயே 386 கெஜம், ஏழு டச்டவுன்.

ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்டினால் நான் முகாம் நடத்துகிறவனாகிவிடுவேன். இவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. தற்காப்பும் ஆடிப் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் தெரிந்தவனுக்கு இடம் கிடைப்பது எளிது. முகாம் என்றால், அவன் உண்மையில் சேர விரும்பும், படிப்பும் நன்றாக உள்ள ஒன்றிரண்டு கல்லூரிகள் தாமே நடத்தும் முகாம்களுக்கு மட்டும் அனுப்புங்கள். நட்சத்திர மதிப்பெண் போட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் நான்குக்குக் குறைந்தது 2.3 மதிப்பெண் சராசரியும் வேண்டும். இப்போதே பள்ளியில் சரிபாருங்கள். மூன்றாம் பிரிவிலும் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, படிப்புக்கான உதவிதான். நம்மவர் பிள்ளைகளுக்கு அது குறையில்லை.

உங்கள் மனைவி சொல்வதை ஒதுக்காதீர்கள். தலையில் அடிபட்டால் மருத்துவர் அனுமதிக்கும்வரை மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. 'சின்ன அடிதான்' என்று அவனோ பயிற்சியாளரோ சொன்னாலும். இந்த ஒரு விதிக்கு ஒப்புக்கொண்டால்தான் மற்றதெல்லாம்.

கடைசியாக வீடியோ. ஹடல் என்ற இணையதளத்தில்தான் பள்ளி ஆட்டங்களை ஏற்றுவார்கள். அந்த நிறுவனம் பிறந்ததே லிங்கனில்தான். கல்லூரிப் பயிற்சியாளர் முதல் சில துண்டுகளைப் பார்த்துவிட்டு அடுத்த பையனுக்குப் போய்விடுவார். எல்லோரும் அந்த இடத்தில் நீண்ட ஓட்டங்களை வைக்கிறார்கள். உங்கள் மகன் பந்து இல்லாமல் நின்று, குவார்ட்டர்பேக்கை நோக்கி வருகிறவனை நெஞ்சோடு மறித்த ஆட்டம் ஒன்று இருக்குமே, அதை முதல் ஐந்துக்குள் வையுங்கள். அப்படி ஓர் ஆட்டம் எது என்று உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் பந்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மனைவியைக் கேளுங்கள். எந்த ஆட்டத்தில், எந்த நிமிடத்தில் என்று சொல்லிவிடுவார்.